நூற்று நாற்பத்தெட்டு இறாத்தல்

துணுக்காய்ப் பக்கத்துக் குடியேற்றத் திட்டத்தில் வீரகத்திக்கு மூன்று ஏக்கர் வயலும் ஒரு மேட்டுக்காணியும் கிடைத்தபோது அவருடைய மகன் தவராசாவுக்குப் பதினாறு வயது. கரவெட்டியிலிருந்து தகப்பனும் மகனுமாக இரண்டு பேர்தான் வந்தார்கள். தாய் அவன் சின்னப்பிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டாள். காடு வெட்டி, வேர் பிடுங்கி, வரம்பு கட்டி வளர்ந்த உடம்பு அவனுடையது. இரண்டு பேர் பிடித்து ஏற்றுகிற நெல்மூட்டையை அவன் தனியே குனிந்து தூக்கி லொறித் தட்டில் வைப்பான். வைத்துவிட்டு, ஏதோ பிழை செய்தவன் மாதிரி ஒதுங்கி நிற்பான்.

அதைப் பார்த்துத்தான் லோறன்ஸ் அவனோடு கதைக்க வந்தான். கடற்கரையோர நாயாற்றுக்காரன், நெல் லொறியில் மூட்டை ஏற்றி இறக்குகிறவன். அதற்கு முன் இரண்டு வருடம் யாழ்ப்பாணத்தில் வேலை செய்தபோது அங்கே ஒரு தேகப்பயிற்சிக் கழகத்தில் பாரம் தூக்கிப் பழகியிருந்தான்.

"உன்ரை முதுகு எனக்கு இருந்திருந்தா நான் இப்ப கொழும்பில நிப்பன், தவம்" என்றான்.

ஒரு பழைய வண்டிலின் இரும்பு அச்சைத் தேடி எடுத்ததும் லோறன்ஸ்தான். வாய்க்கால் கட்டியபோது மிஞ்சிய சீமெந்தைத் தாச்சியில் ஊற்றி வட்டு வட்டாக வார்த்தார்கள். ஒவ்வொன்றையும் கூட்டுறவுச் சங்கத்துத் தராசில் நிறுத்து, இறாத்தல் கணக்கைக் கரியால் எழுதினார்கள். லொறி வருகிற நாட்களில் இரண்டு பேரும் முற்றத்துப் பாலை மரத்துக்குக் கீழே நின்று தூக்குவார்கள். லொறி வராத நாட்களில் தவராசா தனியே தூக்குவான். வீரகத்தி அதைப் பெரிதாக எடுக்கவில்லை. "குடிச்சுத் திரியிறதைவிட இது நல்லது" என்று சொல்லிவிட்டு மாட்டைப் பார்க்கப் போய்விடுவார்.

அறுபத்திரண்டாம் ஆண்டு தை மாதம் தவராசாவுக்குக் கலியாணம் நடந்தது. பெண் கரவெட்டிதான், நேசமலர் என்று பெயர். எஸ்.எஸ்.ஸி. வரை படித்தவள். வன்னிக்கு வர முதல் அவளுக்குப் பயம் இருந்தது. காடு, பாம்பு, யானை என்று ஆட்கள் சொன்ன கதைகள். வந்த பிறகு அந்தப் பயம் எங்கே போனது என்று அவளுக்கே தெரியவில்லை. அவன் அவளை "நீர்" என்று சொல்லித்தான் கூப்பிடுவான். கிணற்றடியில் அவள் துலாவைப் பிடிக்க விடமாட்டான். மாலையில் அவன் பாரம் தூக்கும்போது அவள் ஒரு பலகையில் இருந்து எண்ணிக்கை சொல்லுவாள். அவன் இரும்பைத் தலைக்கு மேலே கொண்டுபோய் அசையாமல் பிடிக்கிற அந்த இரண்டு மூன்று விநாடிக்கு அவளும் மூச்சு விடமாட்டாள்.

ஆனி மாதம் லோறன்ஸ் ஒரு செய்தியோடு வந்தான். ஆவணிக் கடைசியில் யாழ்ப்பாணத்தில் பாரம் தூக்கும் போட்டி. வடபகுதி முழுவதற்குமானது. வெல்லுகிறவர்கள் கொழும்புக்குப் போகலாம். ஆளின் நிறையைப் பார்த்துப் பிரிக்கிற போட்டியில் நூற்று அறுபத்தைந்து இறாத்தல் பிரிவில் லோறன்ஸ் சேரப்போகிறான். நூற்று நாற்பத்தெட்டு இறாத்தல் பிரிவில் போன வருடம் வென்றவன் தூக்கிய பாரத்தைத் தவராசா இந்த முற்றத்திலேயே தூக்கியிருக்கிறான்.

"நீ அதில நிண்டா ஒருத்தரும் கிட்டவும் வரமாட்டாங்கள். நிறையைத்தான் குறைக்கவேணும்."

சங்கத்துத் தராசில் ஏறி நின்றபோது நூற்று ஐம்பத்தேழு காட்டியது. ஒன்பது இறாத்தல் கூட.

விண்ணப்பத்தை நிரப்பியது நேசமலர். நிறை என்று கேட்ட இடத்தில் தன் அழகான எழுத்தில் 148 என்று எழுதினாள்.

"நிறுக்கிறதுக்கு முதல்நாள் கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வெயிலுக்கை இருப்பாங்கள்" என்று லோறன்ஸ் சொன்னான். "தண்ணி வாயில வைக்கமாட்டாங்கள். வேர்வையோட நாலு இறாத்தல் போயிடும். நிறுத்து முடிஞ்ச உடன வயிறுமுட்டக் குடிப்பாங்கள்."

தன்னிடம் கிடந்த பழைய கம்பளிச் சட்டை ஒன்றையும் அடுத்த முறை கொண்டுவந்து கொடுத்தான். அதன் பிறகு லொறியை மன்னார்ப் பக்கம் ஓட விட்டார்கள். போட்டிக்கு முதல்நாள் வந்து கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டுப் போனான்.

தவராசா தனக்குள் யோசித்தான். ஒரு நாளில் நாலு இறாத்தல் போகுமென்றால், ஒரு மாதம் அப்படிச் செய்தால் ஒன்பதும் போய்விடும். அதோடு, மத்தியான வெயிலில் இருநூறு இறாத்தல் தூக்கிப் பழகியவனுக்கு யாழ்ப்பாணத்துப் பின்னேரக் காற்றில் அது பஞ்சு மாதிரி இருக்கும். ஆடி பிறந்ததும் மாலைப் பயிற்சியை விட்டுவிட்டு மத்தியானத்தில் தொடங்கினான். கம்பளிச் சட்டை, அதற்கு மேலே கை வெட்டிய சாக்கு. விடியற்காலையில் ஒரு கோப்பை தேத்தண்ணி. பிறகு பயிற்சி முடியும் வரை ஒன்றுமில்லை.

முதல் நாளே நேசமலரிடம் வாக்கு வாங்கினான்.

"நான் கேட்டாலும் தராதையும். கெஞ்சினாலும் தராதையும். எட்டுத் தரம் தூக்கி முடியாமல் ஒரு சொட்டும் இல்லை."

"கோவிச்சா?"

"கோவிச்சாலும்தான். நீர்தான் எனக்குக் காவல்."

அவள் சிரித்துக்கொண்டு சம்மதித்தாள்.

முதல் கிழமை அவனுக்கு வழக்கமான பாரம் ஏறவில்லை. இருபது இறாத்தல் குறைத்துத்தான் தூக்க முடிந்தது. கழுத்து நரம்பு துடிப்பது பத்தடி தள்ளியிருந்த அவளுக்குத் தெரிந்தது. பொழுதுபட்டதும் தலையிடி என்று படுப்பான். படுத்த இடத்தில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கும். அவள் இருந்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். ஒருநாள் சத்தி எடுத்தான். இரண்டாம் கிழமை இதெல்லாம் குறைந்தது. வேர்வை கெதியாக வந்தது, பாரமும் பழையபடி ஏறியது.

"பாரும், உடம்பு பழகீட்டுது" என்றான்.

அவளும் நம்பினாள். ஆனால் பயிற்சி முடிந்து தண்ணீர் குடித்தால் போன நிறையில் பாதி அடுத்த நாள் திரும்பி வந்துவிடும். அதனால் பின்னேரத்திலும் அளந்து குடிக்கத் தொடங்கினான். கன்னம் ஒட்டியது. சின்ன விஷயத்துக்கும் எரிந்து விழுந்தான். பிறகு தானே வந்து "நான் ஏன் அப்பிடிக் கத்தினன்?" என்று அவளிடமே கேட்பான். வீரகத்தி இரண்டொரு முறை, "உந்த வெயிலுக்கை என்னத்துக்கடா? மாடே நிழலுக்கை நிக்குது" என்றார். அவன் சிரித்து மழுப்பினான். ஆவணி நடுப்பகுதியில் தராசு நூற்று ஐம்பத்தொன்று காட்டியது. போட்டிக்குப் பத்து நாள் இருந்தது.

அது ஒரு சனிக்கிழமை. அதற்கு முதல் இரண்டு நாளும் அவனுக்கு வயிற்றால் போனது. உடம்பும் கொஞ்சம் சுட்டது. நேசமலர் அன்றைக்கு விடச் சொன்னாள்.

"இன்னும் மூண்டு இறாத்தல்தானே" என்றான்.

வீரகத்தி எருமை மாடு பார்க்க நெடுங்கேணிக்குப் போயிருந்தார். இத்தனை நாளும் வீசிய சோளகக் காற்று அன்று விழுந்துபோயிருந்தது. பாலை மரத்தில் ஓர் இலையும் அசையவில்லை. குளத்துப் பக்கம் பார்த்தால் வெறும் வெடித்த சேறு.

நாலு தரம் ஒழுங்காகத் தூக்கினான். நாலாவதுக்குப் பிறகு நிலத்தில் இருந்துவிட்டான். முகத்தாலும் தாடையாலும் ஓடி வழிந்தது.

"தண்ணி கொஞ்சம் தாரும்" என்றான்.

"இன்னும் நாலு இருக்குது. நீங்கள்தானே தரவேண்டாம் எண்டனீங்கள்?"

அவன் தலையாட்டிவிட்டு எழும்பினான். ஐந்தாவதை நெஞ்சு வரை கொண்டுவந்தான். அதற்கு மேலே போகவில்லை. இரும்பு கையிலிருந்து விழுந்தது. மரத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் முகம் காய்ந்திருந்ததை அவள் கண்டாள். வேர்வை அடங்கிவிட்டது, இனிக் களைப்பு இருக்காது என்று நினைத்தாள். அப்படி நினைத்ததைப் பிறகு அவளால் ஒருநாளும் மறக்க முடியவில்லை.

அவன் அவள் பக்கம் திரும்பினான். குரல் வேறு மாதிரி, சின்னப்பிள்ளைக் குரலாக இருந்தது.

"அம்மா, தண்ணி தாங்கோ."

அவன் பகிடி விடுகிறான் என்று நினைத்தாள். அப்படி நடித்துக் கேட்டு முன்பும் அவளை ஏமாற்றப் பார்த்திருக்கிறான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"அம்மா தரமாட்டா. முதல்ல தூக்குங்கோ பிள்ளை."

அவன் சொல்வழி கேட்கிற பிள்ளை மாதிரித் திரும்பிப் போனான். இரும்பு கிடந்த இடத்துக்கு இரண்டு முழம் தள்ளி, வெறும் நிலத்தில் குனிந்தான். அப்படியே முகம் குப்புற விழுந்தான்.

அவள் ஓடிப்போய்ப் புரட்டினாள். தோல் அடுப்பிலிருந்து இறக்கிய சட்டி மாதிரிச் சுட்டது, ஈரமே இல்லை. செம்பை வாயில் வைத்தாள். பல்லு இறுகியிருந்தது. தண்ணீர் கடைவாயால் வழிந்து மண்ணில் போனது. கை கால் வெட்டி இழுக்கத் தொடங்கியது. அவள் போட்ட சத்தத்தில் அடுத்த காணி ஐயாத்துரை ஓடி வந்தார். அவருடைய உழவு மிசின் பெட்டியில் சாக்கை விரித்துக் கிடத்தி, ஏழு மைல் தள்ளியிருந்த ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வழியெல்லாம் நேசமலர் அவன் தலையை மடியில் வைத்து, சேலைத் தலைப்பால் வெயிலை மறைத்துக்கொண்டிருந்தாள்.

டொக்டர் இல்லாத அந்த ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி வயதானவர், அமைதியான மனிதர். கம்பளிச் சட்டையைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தார். ஈரச் சீலையால் உடம்பு முழுவதும் மூடி, இரண்டு பேரை நிறுத்தி விசிறச் சொன்னார். சேலைன் ஏற்றினார். வெப்பமானியை வெளிச்சத்தில் பிடித்து இரண்டு தரம் பார்த்தார்.

"கடைசியாய் எப்ப பிள்ளை தண்ணி குடிச்சவர்?"

"விடியத் தேத்தண்ணி குடிச்சவர், ஐயா."

"பிறகு தண்ணி கேக்கேல்லையோ?"

"இல்லை" என்றாள்.

ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்குத் தெரியவில்லை. சொல்லி முடிந்துவிட்டது.

பின்னேரம் சூடு இறங்கி அவனுக்கு அறிவு வந்தது. அதே நேரம் அவனுடைய சிறுநீர் பால் விடாத தேத்தண்ணி நிறத்தில் போனது; அதுவும் சொட்டுச் சொட்டாக. செய்தி கேட்டு நெடுங்கேணியிலிருந்து ஓடி வந்திருந்த வீரகத்தியிடம் அப்போதிக்கரி ஒளிக்காமல் சொன்னார்.

"சூட்டில தசை உடைஞ்சு ரத்தத்தில கலந்திருக்கு. அது சலப்பைக்கு வரமுதல் சிறுநீரகத்தை அடைக்குது. விடியத்தான் வாகனம் வரும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்புறன்."

"ஒரு மாதத்துக்கு மேலாய் உந்த வெயிலிலதானே தூக்கினவன்? உடம்பு பழகீட்டுது எண்டு சொன்னவன்."

"வெயிலுக்கு உடம்பு பழகும், ஐயா. ஆறுதலாய், தண்ணியும் உப்பும் குடுத்துப் பழக்கினால் பழகும். தண்ணி இல்லாமல் இருக்கிறதுக்கு ஒரு உடம்பும் பழகாது. அதோட வயித்தாலை போயும் இருக்கு."

தவராசா நேசமலரைத் தேடினான். அவள் கட்டிலுக்குக் கிட்டப் போனாள்.

"எத்தினை தூக்கினனான்?"

"நாலு."

"எட்டு முடியேல்லையோ?" கண்ணை மூடித் திறந்தான். "நான் தண்ணி கேட்டனானோ? ஒண்டும் ஞாபகமில்லை."

அவள் ஓமென்று தலையாட்டினாள்.

"நீர் தரேல்லைத்தானே?"

"இல்லை."

அவன் அவளுடைய கையைத் தேடிப் பிடித்தான். "கெட்டிக்காரி" என்றான்.

அடுத்த நாள் காலை, வாகனம் வந்து நின்று, தூக்குக் கட்டிலில் அவனை மாற்றுகிற நேரத்தில் அவனுடைய இதயம் நின்றுவிட்டது.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த மறுநாள் படலைக்கு வெளியே லொறி நின்றது. லோறன்ஸ் தலை வாரி, வெளுத்த சட்டை போட்டு வந்திருந்தான். அவனுக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை.

"தவம் வெளிக்கிட்டிட்டானோ?" என்று கேட்டுக்கொண்டே வந்தவன் வீரகத்தியின் மழித்த தலையைக் கண்டு நின்றான்.

வீரகத்தி நடந்ததைச் சொன்னார். லோறன்ஸ் முற்றத்து மண்ணில் அப்படியே இருந்துவிட்டான்.

"ஒரு நாளைக்கு எண்டுதான் ஐயா சொன்னனான். சும்மா இருக்கத்தான் சொன்னனான். உந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு தூக்கச் சொல்லேல்லை." பிறகு, "நான்தான் அவனைக் கொன்றுபோட்டன்" என்றான்.

"ஓம். நீதான்" என்றார் வீரகத்தி. "எழும்பிப் போ. இனி இந்தப் படலை தாண்டாதை."

குசினி வாசலில் நின்ற நேசமலருக்கு எல்லாம் கேட்டது. அவள் வாய் திறக்கவில்லை. லோறன்ஸ் போகும்போது அவளைப் பார்த்து, "தங்கச்சி" என்று ஏதோ சொல்ல எடுத்தான். அவள் உள்ளே போய்விட்டாள்.

மழை வந்தது. தாய்வீட்டிலிருந்து வந்து கூப்பிட்டபோது, மாமா தனியே என்று சொல்லி அவள் போகவில்லை. இரண்டு பேருமாக விதைத்தார்கள். வீட்டில் லோறன்ஸ் பெயர் வரும்போதெல்லாம் வீரகத்தியின் முகம் கறுக்கும். மார்கழியில் ஐயாத்துரை ஒரு கதை கொண்டுவந்தார். லோறன்ஸ் லொறி வேலையை விட்டுவிட்டானாம். நாயாற்றில் வலையைத் தொட்டபடி சும்மா இருக்கிறானாம். கடலுக்கும் போவதில்லை, ஒரு பாரமும் தூக்குவதில்லை. பெண்சாதி பிள்ளைத்தாச்சி.

"இருக்கட்டும், அனுபவிக்கட்டும்" என்றார் வீரகத்தி.

அன்று மத்தியானம் அவருக்குச் சோறு போட்டுவிட்டு நேசமலர் முன்னாலே நின்றாள்.

"மாமா, அவர் தண்ணி கேட்டவர்."

அவருக்கு விளங்கவில்லை. "ஆர்?"

"அவர்தான். அண்டைக்கு. என்னட்டைக் கேட்டவர். நான் குடுக்கேல்லை."

அவர் சோற்றிலிருந்து கையை எடுத்தார்.

"எத்தினை தரம் கேட்டவன்?"

"ரண்டு தரம்."

அவர் கையைக் கழுவினார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மழைக்குள்ளே வயலுக்குப் போனார். நாலு நாள் அவளோடு கதைக்கவில்லை. அவள் சமைத்ததைத் தொடவில்லை. தானே கஞ்சி காய்ச்சிக் குடித்தார். ஐந்தாம் நாள் விடிய, சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, "வெளிக்கிடு. நாயாத்துக்குப் போகவேணும்" என்றார்.

இரண்டு பஸ் மாறி, கடைசி இரண்டு மைல் நடந்து போனார்கள். லோறன்ஸ் கொட்டிலுக்கு வெளியே கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். பாதி ஆளாகியிருந்தான். அவர்களைக் கண்டதும் எழும்பி, அடி வாங்க நிற்கிறவன் மாதிரி நின்றான். அவனுடைய பெண்சாதி யூலிற்றா இரண்டு கதிரையைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, போகவா நிற்கவா என்று தெரியாமல் நின்றாள்.

வீரகத்தி பேசுவார் என்று நேசமலர் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்திருந்தார். அவளே சொன்னாள். வாக்குக் கொடுத்தது, முதல் தரம் கேட்டது, மறுத்தது. அப்போதிக்கரியிடம் பொய் சொன்னது. லோறன்ஸ் தன் மேல் பழி போட்டபோது தான் பேசாமல் நின்றது. பிறகு, மாமாவுக்கும் சொல்லாமல் வைத்திருந்ததைச் சொன்னாள்.

"ரண்டாந் தரம் என்னை அம்மா எண்டு கூப்பிட்டுக் கேட்டவர். நான் சிரிச்சனான். பகிடி எண்டு நினைச்சன். அம்மா தரமாட்டா எண்டு சொன்னனான்."

"என்னெண்டு கேட்டவன்?" வீரகத்தி அப்போதுதான் தலையை நிமிர்த்தினார். "திருப்பிச் சொல்லு."

"அம்மா, தண்ணி தாங்கோ எண்டு."

மகனுக்குக் கொள்ளி வைத்த அன்றும் அழாத மனிதர் சால்வையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். ஒருவரும் அவரைத் தேற்றவில்லை. தேற்ற அங்கே யாருக்கும் துணிவு இருக்கவில்லை.

அவர் அடங்கிய பிறகு லோறன்ஸ் சொன்னான். "தங்கச்சி, நீங்கள் சொன்னதால என்ரை பாரம் குறையேல்லை. குறையும் எண்டு நினைச்சு நீங்கள் வந்திருப்பியள். ஆனாலும் வந்தியளே."

திரும்பிப் போக அன்று பஸ் இல்லை. யூலிற்றா இறால் கறி காய்ச்சினாள். எல்லாரும் சாப்பிட்டார்கள், வீரகத்தியும் சாப்பிட்டார்.

அடுத்த நாள் பஸ்ஸில் அவர் யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார். "பிள்ளை, அறுப்பு முடிய நீ ஊருக்குப் போ. உன்னில எனக்குக் கோவமில்லை. அவன் சொன்னதைத்தான் நீ செய்தனீ. ஆனா உன்னைப் பாக்கிற நேரமெல்லாம் அவன் கேட்டது எனக்குக் காதில கேக்குது. எனக்கு ஏலாது."

"ஓம் மாமா" என்றாள்.

மாசியில் அறுப்பு முடிந்தது. அவளுடைய தகரப் பெட்டியைத் தன் தலையில் வைத்துக்கொண்டு அவர் சந்தி வரை வந்தார். நேரத்துக்குச் சாப்பிடச் சொன்னாள், ஓமென்றார். பஸ் வர முதலே திரும்பி நடந்துவிட்டார்.

மூன்று மாதம் கழித்துக் கரவெட்டிக்கு ஒரு தபாலட்டை வந்தது. யாரையோ கொண்டு எழுதுவித்தது. "இம்முறை நெல் பரவாயில்லை. லோறன்ஸ் வந்து நின்று மூட்டை எல்லாம் ஏற்றித் தந்தான். அவனுக்கு ஆண்பிள்ளை. நீ சுகமாய் இரு."

என்ன எழுதியிருக்கிறது என்று தாய் கேட்டாள். வாசித்துக் காட்ட நேசமலர் இரண்டு தரம் முயன்றாள். பிறகு அட்டையைத் தாயின் கையில் கொடுத்துவிட்டு, வேலிப் பக்கம் போய் நின்றாள்.